சிவப்புச் சீட்டு அறை

எங்கள் கல்லூரியில் பொருள்கள் அனைத்துக்கும் இடம் குறிக்கப்பட்ட நாளில்தான், எனக்கு அங்கே இடம் இல்லை என்பது எனக்கே தெரியவந்தது. அது தெரியாமல் அதற்கு முன் பல வருடங்கள் அங்கே வேலை பார்த்திருக்கிறேன்.

என் பெயர் கரிபசப்பா. தாவணகெரெயில், மூடப்பட்ட ஒரு நூற்பாலையின் நிலத்தில் ட்ரஸ்ட் ஒன்று நடத்தும் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளன். பி.பி.ஏ. மாணவர்களுக்குச் செயல்பாட்டு மேலாண்மை கற்பிக்கிறேன். தொழிற்சாலைகளை எப்படி வீணில்லாமல் நடத்துவது என்பது பாடம். ஊரில் ஆலைகள் மூடிவிட்டதால் பாடத்துக்கு இடைஞ்சல் செய்ய எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தொழிலகப் பார்வை என்று ஒன்று உண்டு. அதற்கு மாணவர்களை மண்டக்கி பட்டி என்ற பொரிச் சூளைக்கு அழைத்துப்போவேன். பொரி வறுக்கும் புகையில் இருமிக்கொண்டே நின்றுவிட்டு, ஆளுக்கொரு பொட்டலம் பொரியோடு திரும்புவோம். ‘கொள்ளளவுத் திட்டமிடல் நேரில் காணப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதுவார்கள். நான் மதிப்பெண் போடுவேன். நானும் வேறு தொழிற்சாலை பார்த்ததில்லை.

கௌரவ விரிவுரையாளனின் வேலை ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் முடிந்துபோகும். அடுத்த பருவத்தில், கல்லூரிக்கு விருப்பமிருந்தால், மறுபடி தொடங்கும். எங்களுக்கு நாற்காலி கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் வகுப்புக்குப் போனால் அவர் நாற்காலியில் நாங்கள் உட்காரலாம். அவர் திரும்பிவரும் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட வேண்டும். யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. நாற்காலி சூடாக இருக்கிறதே என்று ஒருவரும் குறை சொன்னதும் இல்லை. நான் உட்காருவது துறைத் தலைவர் ஹாலேஷின் நாற்காலியில். நானும் ஹாலேஷும் தார்வாடில் ஒரே பெஞ்சில் எம்.காம். படித்தவர்கள். அவன் மாமா ட்ரஸ்டில் இருந்தார். என் மாமாவுக்கு ட்ரஸ்டில் யாரையும் தெரியாது.

அந்தப் பருவத்தில் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள்: கல்லூரி தான் கற்பிப்பதைத் தன் வளாகத்தில் கடைப்பிடிக்கிறதா? அதற்குத் தனி மதிப்பெண். வணிகவியல் துறை கல்லூரியின் வரவு செலவை முறைப்படி எழுதிப் பார்த்தது. பிறகு, ட்ரஸ்ட் செயலாளரின் யோசனைப்படி அதைக் கிழித்துப்போட்டது. கன்னடத் துறை, கவிதையை எப்படிக் கடைப்பிடிப்பது என்று தெரியாமல் மொத்தமாக விடுப்பில் போனது. மிஞ்சியது நாங்கள்.

முதல்வர் டாக்டர் சந்திரமௌளி புனேவில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய், மஞ்சள் டேப் சுருள்களோடு திரும்பிவந்தார். அவர் கற்றுவந்தது என் பாடத்தில் நான்காம் அலகில் உள்ளதுதான். ஜப்பானியரின் ஐந்து ‘எஸ்’. வேண்டாததைப் பிரி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, அதையே வழக்கமாக்கு, விடாமல் செய். வருடா வருடம் பத்து மதிப்பெண் கேள்வியாக வரும். மனப்பாடம் செய்தவர்கள் தேறிவிடுவார்கள். அதை யாராவது செய்துபார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் பேசினார்.

“நண்பர்களே, போன வருஷம் ஒரு ஃபைலைத் தேடித் தேடி எல்லாரும் அலைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? பியூன் நிங்கராஜுக்கு மெமோ கூட கொடுத்தேன். கடைசியில ஃபைல் எங்க இருந்துச்சு? என் டேபிள் மேல, என் முழங்கைக்குக் கீழ. அப்போ தப்பு யாரோடது? என்னோடதுன்னு சிலர் நினைச்சீங்க. நிங்கராஜோடதுன்னு நான் நினைச்சேன். ரெண்டும் இல்ல. முழங்கைக்குன்னு ஒரு இடம் குறிக்காம விட்டோமே, அதுதான் தப்பு. ஒரு பொருளுக்கு இடம் இருந்தா அது தேவை. இடம் இல்லேன்னா தேவையில்ல. வாழ்க்கையே இவ்வளவுதான். இது தெரியாமலேயே நான் முதல்வர் வரைக்கும் வந்துட்டேன்!”

எல்லோரும் கைதட்டினோம். நாற்காலி இல்லாததால் கௌரவ விரிவுரையாளர்கள் நின்றபடி தட்டினோம். முதல்வர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தனியாக ஒருமுறை கும்பிட்டார்.

பாடப்படி, முதலில் வேண்டாததைப் பிரித்துவிட்டு அதன் பிறகே மீதிக்கு இடம் குறிக்க வேண்டும். ஆனால் டேப் வந்துவிட்டிருந்தது. அதனால் இடம் முதலில் குறிக்கப்பட்டது. சாக்பீஸ் டப்பாவைச் சுற்றி, தண்ணீர்ப்பானையைச் சுற்றி, நிறுவனர் சிலையைச் சுற்றி மஞ்சள் கோடு ஒட்டினார்கள். வராந்தாவில் தூங்கிய நாய்க்கும் தூங்கிய வாக்கிலேயே கோடு போட்டார்கள். எழுந்துபோன நாய் மத்தியானம் திரும்பிவந்து அதே வளைவில் படுத்தது. முதல்வர் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். ‘ஒழுங்கு இயற்கையானது’ என்று கீழே எழுதியிருந்தார்.

மறுநாள் ஹாலேஷ் வகுப்புக்கென்று கிளம்பிப்போனதும் வழக்கம்போல் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பியூன் நிங்கராஜ் வந்து நின்றான்.

“மேஷ்ட்ரே, எழுந்திருங்க. இது ஹாலேஷ் சார் கோடு. உள்ள வேற பொருள் இருந்தா எழுதி வெக்கச் சொல்லியிருக்காங்க.”

“நான் என்ன பொருளா நிங்கராஜ்?”

“அது எனக்குத் தெரியாது மேஷ்ட்ரே. நாற்காலி மேல எது இருந்தாலும் பொருள்னுதான் எழுதணுமாம். நேத்து செயலாளர் வந்து உக்காந்தாரு, அவரையும் அப்படித்தான் எழுதினேன். அவரோடத அப்புறம் அடிச்சுட்டாங்க.”

எழுந்து வராந்தாவில் நின்றேன். நாய் தன் கோட்டுக்குள் இருந்தபடி என்னைப் பார்த்தது.

பிறகு பிரிக்கும் வேலை வந்தது. அதை என் மாணவர்களிடமே ஒப்படைத்தார்கள். ஒவ்வொருவரும் தேவையற்ற பொருள்களைக் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியதற்குத் தக்கபடி அக மதிப்பெண். சீட்டு ஒட்டிய பொருள்கள் பழைய ஆலைக் கிடங்குக்குப் போகும். பருவம் முடிவதற்குள் யாராவது ‘இது வேண்டும்’ என்று கையெழுத்துப் போட்டு மீட்கவில்லையென்றால் அகற்றப்படும். இதுவும் நான்காம் அலகுதான்.

சீட்டு ஒட்டும் கடைசி நாளன்று ஸ்பூர்த்தி என்ற மாணவி என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள். கையில் ஒரு சீட்டு மிச்சமிருந்தது.

“சார், இது ஒண்ணு ஒட்டினா நான் பாஸ் சார். ஒட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. பசங்க விடியறதுக்குள்ள வந்து எல்லாத்தையும் ஒட்டிட்டாங்க. ஒடஞ்ச பெஞ்சு, ஓடாத ஃபேன், லைப்ரரில பாதி புக்கு. நான் ஹரிஹர்லேர்ந்து பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள சுத்தமா காலி.”

“நல்லாத் தேடிப்பாரும்மா.”

“தேடிட்டேன் சார்.”

அவள் பார்வை என் காலடியில் தரையைச் சுற்றி வந்தது. அங்கே கோடு எதுவும் இல்லை. பிறகு, சீட்டின் பின்னால் அச்சிட்டிருந்த கேள்விகளை மெல்லிய குரலில் படித்தாள்.

“இதுக்குன்னு நிலையான இடம் இருக்கா சார்?”

“இல்ல.”

“பொறுப்பாளர் யாராவது?”

என் ஒப்பந்தத்தில், என்னைக் குறித்த எதற்கும் கல்லூரி பொறுப்பாகாது என்று ஒரு வரி உண்டு. “இல்ல,” என்றேன்.

“இது இல்லேன்னா வேலை நின்னுடுமா?”

இதற்கு மட்டும் நெடுநேரம் யோசித்தேன். போன வருடம் எனக்கு மஞ்சள்காமாலை. ஒரு பருவம் முழுக்க யாரும் பாடம் நடத்தவில்லை. தேர்ச்சி விகிதம் கூடியிருந்தது.

“நிக்காது.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “வேணாம்னா விட்டுடறேன் சார். ஃபெயிலானா வீட்ல கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.”

“ஒட்டும்மா,” என்றேன்.

சட்டைப்பையின் மேல், எழுத்து நேராக இருக்கும்படி, கவனமாக ஒட்டினாள். பாட ஆசிரியன் என்ற முறையில் நான் சரிபார்த்தேன். மூன்று விடைகளும் சரி. முழு மதிப்பெண் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் பாடத்தைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட பயிற்சி அது ஒன்றுதான். அவள் போனதும் சீட்டைக் கிழித்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள், அவள் சீட்டைக் குறித்துவைத்த பதிவேடு முதல்வர் அறைக்குப் போய்விட்டது.

முதல்வர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் சட்டைப்பையைப் படித்தார்.

“கரிபசப்பா, இதை நான் கிழிச்சுடலாம். ஒரு நொடி வேலை. ஆனா நாளைக்குக் குழு வந்து, பதிவேட்டுல இருக்கிற பொருள் எங்கன்னு கேட்டா? பொய் சொல்லச் சொல்றீங்களா? நான் வாழ்க்கையில குழுகிட்ட பதிவேட்டுல இல்லாத பொய் சொன்னதில்ல.”

“சார், நான் ஒரு மனுஷன்.”

“யார் இல்லேன்னு சொன்னது? அது வேற பிரிவு, வேற படிவம். இங்க கேக்கறது இடம் இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான். பயப்படாதீங்க. உங்க துறையில யாராவது ஒருத்தர், ‘இது எனக்கு வேணும், இந்த இடத்துல வெச்சுக்கறேன்’னு எழுதிக் கையெழுத்து போட்டா முடிஞ்சது. போடலேன்னா பருவக் கடைசியில அகற்றணும். உங்க ஒப்பந்தமும் அன்னிக்குத்தானே முடியுது? பாருங்க, எவ்வளவு பொருத்தம்!”

அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். இரண்டு காரியம் ஒரே நாளில் முடிவது அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

அன்று முதல் வேலை நேரம் முழுவதும் கிடங்கில் இருந்தேன். நிங்கராஜ் பதிவேட்டோடு வந்தான். “மேஷ்ட்ரே, உங்களுக்கு ‘ரேக் ரெண்டு’ன்னு போட்டிருக்காங்க. மேல ஏறிக்கிறீங்களா, இல்ல முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிறீங்களா? மேலதான் கணக்கு. ஆனா நீங்க வெயிட்டு, தாங்காது.” ஸ்டூல் போட்டுக்கொடுத்தான். அதிலும் சிவப்புச் சீட்டு இருந்தது. சுற்றிலும் காலொடிந்த பெஞ்சுகள், ஓடாத விசிறிகள், மூக்கு உடைந்த பழைய ட்ரஸ்டி ஒருவரின் மார்பளவுச் சிலை. யாரும் யாரோடும் பேசவில்லை. இத்தனை வருடங்களில் கல்லூரியில் நான் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

வீட்டில் என் மனைவி அன்னபூர்ணா சட்டையைக் கொக்கியில் மாட்டும்போது சீட்டைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“வேணும்னு யாராவது எழுதித் தரணுமா? குடுங்க, நான் எழுதறேன்.”

“நீ எழுதினா செல்லாது. துறையில இருக்கிறவங்க எழுதணும்.”

“வீட்ல வேணும்னா அது கணக்குல வராதா?”

“வராது.”

அவள் சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். “இத்தனை வருஷம் அங்க போயிட்டு வர்றீங்க. வேணும்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா? போய் ஹாலேஷண்ணனைக் கேளுங்க. நம்ம கல்யாணத்துல மூணு தடவை இனிப்பு ஹோளிகை வாங்கிச் சாப்பிட்ட மனுஷன்தானே.”

ஹாலேஷை மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு அழைத்துப்போனேன். பொரியில் பஜ்ஜியை நொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னான்:

“கையெழுத்துதானேடா? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்த? குடு பேனாவை.”

கொடுத்தேன். சீட்டைப் படித்தான்.

“‘வைக்கும் இடம்’னு ஒண்ணு கேக்கறானே.”

“உன் நாற்காலிக்குப் பக்கத்துலன்னு எழுது. சுவரோரமா நின்னுக்கறேன்.”

“அங்க தண்ணிப்பானைக் கோடு இருக்கு.”

“அப்போ இந்தப் பக்கம்.”

“இந்தப் பக்கம் குடை.” யோசித்தான். “என் நாற்காலியவே எழுதிடறேன். நான் வகுப்புன்னு வெளிய போறப்ப நீ உக்காரு, எப்பவும் போல.” எழுதப் போனவன் நிறுத்தினான். “எழுதினா, நான் பாதி நேரம் நாற்காலியில இல்லேன்னு தெரிஞ்சுடுமில்ல?”

“தெரியும்.”

“ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேர் எதுக்கு, ஒருத்தர் வீண்னு சொல்லுவான் அந்தாளு.”

“சொல்லுவார்.”

“யாரு மேல ஒட்டுவான்?”

கடைக்காரன் எண்ணெயில் அடுத்த ஈடு மிளகாயைப் போட்டான். அது அடங்கும்வரை இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உனக்குத் தெரியாதது இல்ல கரி. நான் பாடம் நடத்தி எவ்வளவு நாளாச்சு. பேப்பர் திருத்தறது நீ, கேள்வித்தாள் எடுக்கறது நீ. அதெல்லாம் வெளிய வந்தா நான் என்னத்தைக் காட்டுவேன்?” பேனாவுக்கு மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தான். “இன்னிக்குக் காரம் ஜாஸ்தி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் சொன்னதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் நான் கற்பிப்பதுதான்.

குழு வந்தது. மூவருக்கும் மைசூர்ப் பேட்டா தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்தார்கள். தலைப்பாகைகள் நழுவாமல் இருக்க மூவரும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கல்லூரியைச் சுற்றிவந்தார்கள். அதனால் அவர்களால் தரையைப் பார்க்க முடியவில்லை. தரையில்தான் எல்லாக் கோடுகளும் இருந்தன. முதல்வருக்கு வியர்த்தது. கிடங்குக்கு வந்தபோதுதான் பார்வை மட்டத்தில் ஏதோ ஒன்று இருப்பதைக் குழுத் தலைவர் கண்டார். அது நான்.

“இவர் யாரு?”

“சிவப்புச் சீட்டுப் பொருள் சார். ரேக் ரெண்டு,” என்றார் முதல்வர்.

குழுத் தலைவர் என் சட்டைப்பையைப் படித்துவிட்டு மற்ற இருவரையும் அருகில் அழைத்தார். வந்திருப்பவர்கள் வெளியூர்ப் பேராசிரியர்கள், படித்தவர்கள். இவர்கள் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

“பாருங்க,” என்றார் குழுத் தலைவர். “நாங்க எத்தனையோ கல்லூரி பாத்துட்டோம். எல்லாரும் ஒதுக்கி வெக்கிறது ஓடாத ஃபேன், ஒடஞ்ச பெஞ்சு. அதை யார் வேணா செய்யலாம். ஓடிட்டிருக்கிற ஒண்ணைத் தூக்கி இங்க வெக்கிறதுக்கு ஒரு மனத்துணிவு வேணும். எங்க பல்கலைக்கழகத்துல நானே பல பேரை நினைச்சிருக்கேன். செய்யத்தான் தைரியம் வரல.” பிறகு முதல்வரிடம் கேட்டார்: “இவர் பேசுவாரா?”

“நல்லாப் பேசுவார் சார். இந்தப் பாடத்தோட ஆசிரியரே இவர்தான்.”

“அடடே! நீங்க என்ன நினைக்கிறீங்க இதைப் பத்தி?”

இந்தக் கேள்விக்காகக் கிடங்கில் பல நாட்கள் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சிலைக்குச் சொல்லிப் பார்த்தும் இருந்தேன். வாயைத் திறந்தபோது வேறு ஒன்றுதான் வந்தது.

“சார், முதல்ல பிரிக்கணும். அப்புறம்தான் இடம் குறிக்கணும். இங்க மாத்திச் செஞ்சுட்டாங்க.”

“அதனால என்ன? வரிசை மாறினாலும் விளைவு வந்துடுச்சே,” என்று தோளில் தட்டினார். உதவியாளரிடம் சொல்லி எழுதவைத்தார்: ஊழியர் கருத்துச் சுதந்திரம், உண்டு. போகும்போது வாசலில் நின்று முதல்வரிடம் சொன்னார்: “அடுத்த தடவை வர்றப்பவும் இது இப்படியே இருக்கணும். அஞ்சாவது எஸ் அதுதானே? விடாம செய்யறது. இல்லேன்னா குடுத்த மார்க்கை எடுத்துடுவோம்.”

அந்த விதிக்கு மாநிலத்திலேயே அதிக மதிப்பெண் எங்களுக்கு என்று பேச்சு வந்தது. பருவக் கடைசியில் விசிறிகளையும் பெஞ்சுகளையும் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். அப்போது முதல்வர் ஓடிவந்தார். ஓடிவந்தவர் என் மார்பின் மேலேயே சீட்டை அழுத்திப் பிடித்து, எழுதிக் கையெழுத்துப் போட்டார்: இது எனக்கு வேண்டும். வைக்கும் இடம்: சிவப்புச் சீட்டு அறை.

அடுத்த ட்ரஸ்ட் கூட்டத்தில் உத்தரவு வந்தது. பதவி, தேவையற்ற பொருள். தன்மை, நிரந்தரம். ஓய்வூதியம் உண்டு. பாடம் நடத்தக் கூடாது; நடத்தினால் பயன்பாட்டில் உள்ள பொருளாகிவிடுவேன்.

“வேணும்னு எழுதினாங்களா?” என்று அன்னபூர்ணா கேட்டாள்.

“எழுதினாங்க.”

“யாரு?”

“முதல்வரே.”

“எதுக்கு வேணுமாம்?”

“அதை எழுத சீட்டுல இடம் இல்ல.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹோளிகைக்குப் பருப்பு வேகவைக்க உள்ளே போனாள்.

இப்போது பாடத்துக்குப் புதிய கௌரவ விரிவுரையாளர் வந்திருக்கிறார். ரூபகலா என்று பெயர், சின்ன வயது. மண்டக்கி பட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். தொழிலகப் பார்வைக்கு மாணவர்களை இங்கேயே அழைத்துவருகிறார். அவர்கள் அரைவட்டமாக நிற்பார்கள், என்னைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். போன வாரம் ஒரு மாணவன், “நீங்க இதுக்கு முன்னாடி என்னவா இருந்தீங்க?” என்று என்னைக் கேட்டான். ரூபகலா உடனே, “அதெல்லாம் சிலபஸ்ல இல்லப்பா,” என்று அவனை நகர்த்தினார்.

மாணவர்கள் போன பிறகும் அவர் போகவில்லை. காலையிலிருந்து நின்றிருக்கிறார் போல. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டே இருந்தார்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? இங்க எப்படி சேர்றது?”

“எங்க?”

“இங்கதான். ஒட்டறதுக்கு ஒரு பொண்ணு ரெடியா இருக்கா. வேணும்னு எழுதறதுக்கு மட்டும் யாராவது ஒருத்தர் வேணும். நீங்க இப்போ நிரந்தரம். உங்க கையெழுத்து செல்லும்னு ஆபீஸ்ல சொன்னாங்க.” சீட்டை என் முன்னால் நீட்டினார். பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

வாங்கிப் படித்தேன். ‘வைக்கும் இடம்’ என்ற வரி வரைக்கும் வந்தேன். ஒரு கிடங்குக்கு இரண்டு பேர் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் யாரை வைத்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வெளியே மணி அடித்தது.

“இங்க இடம் இல்லம்மா,” என்றேன்.

ரேக் மூன்று, நான்கு, ஐந்து எல்லாமே காலியாகத்தான் இருந்தன.